நேமத்தில் நிற்கும் வண்டி

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினொன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, ஆரியசாலைத் தெருவில் கொத்தமல்லி மூட்டை இறக்க வந்த மாட்டு வண்டிகள் நகர வழியில்லாமல் வரிசையாக நின்றுவிட்டன. ஆறுமுகநயினார் பிள்ளையின் மொத்தக் கடை வாசலை மறித்துக்கொண்டு ஒரு கிளிப்பச்சை மோட்டார் நின்றது. இரண்டே இருக்கை. முன்மூடியைச் சுற்றி ஒரு தோல்பட்டை. பின்பக்கம் வள்ளத்தின் மூக்கைப்போலக் கூராக முடிந்தது. சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள். பொன்முடி எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் பந்தயத்துக்காக வாங்கிய வண்டி என்றும், அவர் சீமைக்குத் திரும்புவதால் விற்றுவிட்டார் என்றும் அழகியநம்பி கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாங்கியவன் அவன்தான். ஆறுமுகநயினார் பிள்ளையின் தம்பி. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், காட்டாக்கடை என்று வெளியூர்க் கடைகளுக்குப் போய் மிளகாய் வற்றலுக்கும் மல்லிக்கும் ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. பஸ் சர்வீஸ் வைத்திருந்த ஒரு சினேகிதனிடம் ஓட்டப் பழகியிருந்தான்.

அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். வற்றல் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுபோல இருக்கைக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்தார்.

"இதுல எத்தன பேரு போலாம்டே?"

"ரெண்டு பேரு அண்ணாச்சி."

"வீட்டுல பதினாலு பேரு இருக்கோம்."

அழகியநம்பி தோள்துண்டால் முன்மூடியைத் துடைத்தான்.

"மூட்டை?"

"பின்னால ஒரு பெட்டி வைக்க இடமுண்டு."

"வெத்தலப் பெட்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். மாட்டு வண்டிக்காரர்கள் வழி கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

இவ்வளவையும் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பாதிக் கதவின் பின்னால் நின்று வடிவாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகியநம்பியின் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்த வீட்டு வழக்கப்படி இளையவன் மனைவி, புருஷனின் அண்ணனான மூத்தாரின் முன்னால் வந்து நிற்பதில்லை. அவர் காதில் விழும்படி தன் புருஷனோடு பேசுவதும் இல்லை. மூத்தாரோ கடையிலும் வீட்டிலுமாக எந்நேரமும் எங்கேயாவது இருந்தார். மாடியில் அவர்களுக்கென்று ஓர் அறை உண்டு, பலகைச் சுவர். அந்தப் பக்கம் மூத்தார் வெற்றிலை மெல்லும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அப்படியானால் இந்தப் பக்கத்துப் பெருமூச்சு அந்தப் பக்கம் கேட்காதா? ஆகவே ஒன்பது வருஷமாகப் புருஷனும் மனைவியும் தலையசைப்பிலும், 'உம்' என்பதிலும், செம்பை வைக்கிற சத்தத்திலுமாகக் குடும்பம் நடத்திவந்தார்கள்.

அவள் அந்த இரண்டு இருக்கைகளைப் பார்த்தாள். அவளுக்கு அது போதுமானதாகத் தோன்றியது.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பிறகு, வண்டிக்குச் சந்தனப் பொட்டு எங்கே வைப்பது என்ற பேச்சு பெண்களுக்குள் வந்தது. முதலில் முன்பக்கத்து ரேடியேட்டரின் தலையில் வைத்தார்கள். வண்டி ஒரு நடை போய்வருவதற்குள் அது சூடேறி, ஆவி பட்டுக் கரைந்து, மூக்கு வழியே ஒழுகியது. அபசகுனம் என்றாள் மூத்தவரின் மனைவி சிவகாமியம்மாள்.

"அது அதுக்க வாயில்லா? வாயிலயா பொட்டு வைப்பா? நெத்தி எங்க இருக்குன்னு பாரு ஏட்டி."

காற்றுத் தடுக்கும் கண்ணாடிக்கு முன்னால், சரியாக நடுவில், உருண்டையாக ஒரு பித்தளை மூடி இருந்தது. பெட்ரோல் ஊற்றுகிற மூடி. கண்ணாடியைக் கண்ணென்று வைத்துக்கொண்டால் அதுதான் நெற்றி. அன்றிலிருந்து வடிவாம்பாள் காலையில் குளித்ததும் சந்தனம் அரைத்து, அந்த மூடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். நேற்று வைத்ததை அழிப்பது சரியல்ல என்று அதன் மேலேயே வைத்தாள். பெட்ரோல் ஊற்றும்போது அழகியநம்பியும் பொட்டில் கைபடாமல் மூடியை விளிம்பில் பிடித்தே திருகினான்.

வண்டிக்குச் சில்லறைக் குறைகள் பல இருந்தன. இடது கதவு வலப்பக்க வளைவுகளில் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு சணல் கயிற்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் சக்கரத்தை முழுதாக ஒடித்தால் ஹார்ன் தானே அடிக்கும். கிழக்கேகோட்டையில் ஒரு ஊர்வலத்தின் நடுவே அது நிற்காமல் அடித்து அவனைத் தலைகுனிய வைத்தது. மழை மறைப்புத் துணி பாதி தூரம் வந்து நின்றுவிடும். ஓட்டுகிறவன் நனையமாட்டான், பக்கத்தில் இருப்பவர் நனைவார். நிறுத்திவைத்த இடத்தில் கறுப்பாக எண்ணெய் சொட்டும்; கடைக்காரப் பையன்கள் மரத்தூளைக் கொண்டுவந்து போடுவார்கள். இதற்கெல்லாம் அழகியநம்பி வருத்தப்படவில்லை. புதிதாக வந்த மாட்டின் குணம் அறிவதுபோல ஒவ்வொன்றாக அறிந்துகொண்டான். எந்தக் குறைக்கு என்ன கயிறு, என்ன தக்கை என்று ஒரு பெட்டியில் சேர்த்துவைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலராமபுரத்தில் கைத்தறிச் சேலை எடுத்து வருவதென்று சிவகாமியம்மாளிடம் சொல்லிவிட்டு வடிவாம்பாளை ஏற்றிக்கொண்டு போனான். ஆரியசாலை முழுவதும் கடை வாசலுக்கு வந்து பார்த்தது. மேலே மூடாத வண்டியில் வீட்டுப் பெண்ணா என்று பேசினார்கள். வடிவாம்பாள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கரமனைப் பாலம் வரை தலை நிமிரவே இல்லை. பாலம் கடந்ததும் இன்னொரு கையை வெளியே நீட்டினாள். காலையெல்லாம் வற்றல் காம்பு கிள்ளிய கை. வீட்டில் எத்தனை முறை மோரில் கழுவினாலும் எரிச்சல் அடங்காது. காற்றில் நீட்டியதும் அது குளிர்ந்தது.

நேமம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

சாலையோரத்தில் ஓர் அயினிப் பலாமரம். கொஞ்சம் தள்ளி ஒரு சாயாக்கடை. அழகியநம்பி முன்மூடியைத் திறந்து ஒயர்களைத் தொட்டான், கார்புரேட்டரை ஸ்பானரால் தட்டினான், ஒன்றும் புரியாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சாயாக்கடையிலிருந்து சாயாவும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் வந்தன. அவன் சாயாவைக் குடித்துவிட்டு முகம் சுளித்தான்.

"இனிப்பு பத்தலையா?" என்று அவள் கேட்டாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"கூடிப்போச்சு."

"வீட்டுல மூணு கரண்டி போடுகேன்லா உங்களுக்கு?"

"நீ போடுகே. நான் குடிக்கேன்."

"அக்கா சொன்னா, உங்களுக்கு இனிப்புன்னா உயிருன்னு."

"அது அண்ணாச்சிக்காக்கும்."

ஒன்பது வருஷம் இனிப்பைச் சகித்துக்கொண்டு குடித்தவனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு யாருமில்லையே என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள். அவனும் சிரித்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான், இருந்தது. மூடியை மாட்டி ஹேண்டிலைச் சுற்றினான். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

அதற்குப்பின் இதுவே வழக்கமாயிற்று. எந்தத் திக்கில் போனாலும் நாலைந்து மைல் ஓடி நிற்கும். நாகர்கோவில் சாலையில் போனால் நேமம். ஒயரைத் தொடுவது, கார்புரேட்டரைத் தட்டுவது, பெட்ரோல் மூடியைத் திறந்து பார்ப்பது, ஹேண்டில் சுற்றுவது. இதில் எதனால் ஓடுகிறது என்று தெரியாததால் அழகியநம்பி பூஜை செய்வதுபோல வரிசை தவறாமல் எல்லாவற்றையும் செய்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அவசரப்படவில்லை. பலாமரத்தடியில் அரைமணி, சில நாள் அதற்கும் மேலே, இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மல்லி விலை, அவள் ஊரான சுசீந்திரத்தில் குளத்தில் விழுந்த ஒரு யானை, அவனுக்குப் பள்ளியில் கிடைத்த அடி.

ஒருநாள் அவன் குழந்தையைப் பற்றிப் பேசினான். மூன்று வருஷத்துக்கு முன் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்ட பெண் குழந்தை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவன் அழவில்லை என்பதால் அவனுக்கு ஒன்றுமில்லை என்றுதான் அவளும் இருந்தாள்.

"உத்திரத்துல தொட்டில் கொக்கி இருக்குல்லா," என்றான் அவன், ஸ்டியரிங் சக்கரத்தில் கைவைத்தபடி. "சாப்பிட உக்காரும்போ நேர மேல தெரியும். நான் எடத்த மாத்தி உக்காந்தா அண்ணாச்சி கேப்பாரு, ஏம்டான்னு."

"அதனாலயா தலையக் குனிஞ்சே தின்னுகியோ?"

"ஆமா."

"நான் வச்ச கறி புடிக்கல்லன்னு நெனச்சேன்."

சாலையில் ஒரு காளைவண்டி போயிற்று. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் வடிவாம்பாள், இலை போடும்போது அவன் இலையைத் தூணுக்கு அந்தப் பக்கமாகப் போட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

வண்டி வழியில் நிற்கிறது என்ற செய்தி மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. நேமத்தில் பாலைமரம் ஒன்றும் உண்டு, அதில் யட்சி இருக்கிறாள், அவள்தான் பிடிக்கிறாள் என்றாள் சிவகாமியம்மாள். கரமனையில் ஒர்க்ஷாப் வைத்திருந்த வேலப்பன் கார்புரேட்டரில் கசடு உண்டு என்றான். அதைக் கழுவினான். பிறகு பிளக் மோசம் என்றான். பிறகு காயில். ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தான், வண்டி ஓடியது. "முதலாளி, செரியாயி," என்று சொல்லி அனுப்பினான். மறுநாள் நின்றது. சீமை வண்டிக்கு நம்மூர்ச் சூடு பிடிக்காது என்பதுதான் கடைசியில் அவன் கண்டுபிடித்தது.

அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார். நெய்யாற்றின்கரை ஆர்டர் இரண்டு தடவை தாமதமாகி, வேறொரு கடைக்காரன் முந்திக்கொண்டபோது தம்பியைக் கூப்பிட்டார். புரட்டாசிக் கடைசியில் அவர் மூத்த மகள் சாவித்ரிக்கு நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றில் ஒரு இடம் பேசி முடிக்க வேண்டியிருந்தது. அதற்கு இந்த வண்டியிலேயே அவர் வருவார். ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால் வண்டி இருக்கட்டும். சேரவில்லையென்றால் வேலப்பனுக்குக் கொடுத்துவிட வேண்டும், அவன் கேட்டிருக்கிறான். அழகியநம்பி ஒப்புக்கொண்டான். கதவின் பின்னால் நின்ற வடிவாம்பாளையும் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டி போனால் பலாமரம் போய்விடும். மறுபடியும் தலையசைப்பும் செம்புச் சத்தமும்தான்.

அந்த நாள் விடியும் முன்பே எழுந்து குளித்தாள். ஸ்ரீபத்மநாபனின் சந்தனத்தையும் சேர்த்துக் குழைத்து, மூடி முழுவதும் அப்பினாள். மேலே ஒரு துளசி இலையையும் ஒட்டினாள். வேண்டாத தெய்வமில்லை.

அன்று வண்டி பாப்பனம்கோட்டிலேயே நின்றது. பிறகு பள்ளிச்சலில் நின்றது. பிறகு பாலராமபுரம் சந்தையின் நடுவில். அண்ணாச்சி ஜரிகை வேஷ்டியோடு இறங்கி நின்று, கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தார். நெய்யாற்றின்கரை தாண்டி நான்காவது தடவை நின்றபோது, பின்னால் வந்த நாகர்கோவில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. புழுதியோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கியபோது ராகுகாலம் பாதி முடிந்திருந்தது. நல்ல மனிதர்கள், முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு தாம்பூலம் மாற்றினார்கள். சம்பந்தம் கெடவில்லை. அண்ணாச்சியின் மனம் கெட்டுப்போயிற்று.

"திங்கக்கெழம வேலப்பன் வருவான். சாவியக் குடுத்துரு," என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம். ஐப்பசி மழைக்கு வானம் இருண்டு, கடைக்குள் வற்றல் நெடி கனத்துக் கிடந்தது. வடிவாம்பாள் பின்கட்டில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். கடையில் நல்லெண்ணெய் டின் ஒன்றை உடைத்து ஒருவருக்கு மாதிரி ஊற்றினார்கள். புதிதாக வந்த கடையாள் டின்னின் மூலையில் ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தான். எண்ணெய் கொஞ்சம் வந்தது, குளுக் என்றது, நின்றது. அவன் டின்னைக் குலுக்கினான்.

"எளவு, எத்தன தடவ சொல்லணும்," என்று அண்ணாச்சியின் குரல் வந்தது. "அந்த மூலைலயும் ஒண்ணு போடுடே. உள்ள காத்துப் போகாம எண்ணெய் எப்படி வெளிய வரும்?"

இது அந்தக் கடையில் தினமும் கேட்கிற சத்தம்தான். ஒன்பது வருஷத்தில் அவளே பின்கட்டில் எத்தனையோ டின்களுக்கு ஆணியால் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறாள். ஆனால் அன்று முறம் அவள் கையில் அப்படியே நின்றது.

வீட்டுப் பக்கத்துச் சந்தில் வண்டி நின்றது. அழகியநம்பி அதைக் கடைசியாக ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தான். அவள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு போனாள். மூடியின் மேல் இரண்டு மாதத்துச் சந்தனம் புளியங்கொட்டை கனத்துக்கு இறுகிக் கிடந்தது. நகத்தால் பெயர்த்தாள்.

"என்ன செய்யுகே? பொட்ட ஏன் எடுக்கே?" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

சந்தனத்துக்கு அடியில், மூடியின் நட்டநடுவில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. சந்தனம் அதற்குள்ளும் இறங்கி அடைத்திருந்தது. அவள் ஈர்க்கை விட்டுக் குத்தினாள்.

"இது எண்ணெய் டின்னாக்கும்," என்றாள்.

அவன் துளையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாக வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான். ஆரியசாலையில் பிறந்து, டின்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவன்.

"ஒயரு, பிளக்கு, காயிலு," என்றான். "வேலப்பன் கடைசியா யட்சிக்குத்தான் கோழி நேந்திருப்பான்."

வேலப்பன் வருவதற்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் ஏறினார்கள். கரமனை, பாப்பனம்கோடு, நேமம். பலாமரம் வந்தது. வண்டி இருமவில்லை. மரம் பின்னால் போயிற்று. பள்ளிச்சல், பாலராமபுரம். நிற்கும் நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நெய்யாற்றின்கரைச் சந்தை வரை போய், திரும்பி, பாதி மறைப்புத் துணியில் அவள் மட்டும் நனைந்துகொண்டு ஆரியசாலை வந்து சேர்ந்தார்கள். வேலப்பன் கடை வாசலில் காத்திருந்தான். அழகியநம்பி நேராக அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னான். கண்டுபிடித்தது யார் என்பதையும் சொன்னான்.

அண்ணாச்சி வெளியே வந்து மூடியைக் கழற்றிக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் துளை வழியே பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. வேலப்பனுக்கு ஒரு டின்னைக் காட்டி விளக்கமே கொடுத்தார்.

"இது நம்ம எண்ணெய்க் கச்சவடமாக்கும்டே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

வேலப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வெறுங்கையோடு போனான். வண்டி தங்கிற்று. வடிவாம்பாளுக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, தம்பியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மணக்காட்டில் ஒரு வேலை இருந்தது. அடுத்த நாள் சாலைச் சந்தை. அதற்கடுத்து நெய்யாற்றின்கரை. வண்டி நிற்காமல் ஓடுகிறது என்பதில் அவருக்கு ஒரு வெற்றி இருந்தது. தானே ஓட்டை போட்டு ஓடவைத்ததுபோல எல்லாரிடமும் சொன்னார். சணல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, முகத்தில் காற்று மோத, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் கெட்டவர் அல்ல. வாழ்நாள் முழுவதும் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தவருக்கு இது கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்குமுகத்துக் கடற்காற்று மேலுக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னதாக அதற்கும் அவரே போனார்.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. வடிவாம்பாள் வற்றல் காம்பு கிள்ளினாள், மோரில் கை கழுவினாள். புருஷனுக்குச் சாயாவில் சர்க்கரையைக் குறைத்தாள். அவன் குடித்துவிட்டுத் தலையசைப்பான். அவ்வளவுதான். அவனிடம் சொல்ல வேண்டியவை நெஞ்சுக்குள் சேர்ந்துகொண்டே போயின. அவனுக்கும் அப்படியே என்பது அவன் செம்பைக் கீழே வைக்கிற விதத்தில் தெரிந்தது. ஆனால் அண்ணாச்சியிடம் இறங்குங்கள் என்று அவன் எப்படிச் சொல்வான்?

சிவகாமியம்மாளுக்கு இதில் ஒரு வேடிக்கை இருந்தது.

"நீ வச்ச பொட்டுல்லா வண்டிய நிறுத்துனது," என்றாள் ஒருநாள், மல்லி புடைத்தபடி. "இப்பம் நீ வைக்காததுனாலதான் ஒங்க மூத்தாரு பறக்காரு. எனக்கு ஒரு உபகாரம் செய்யேன் ஏட்டி, மறுபடியும் வை. மனுசன் ஒரு நேரமாவது வீட்டுல இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். வடிவாம்பாளும் சிரித்தாள். அப்படி ஒரு யோசனை அவளுக்கும் வராமல் இல்லை. ஓர் ஈர்க்கு நுனிச் சந்தனம் போதும். ஆனால் நின்றால் மூத்தாரோடு நிற்கும். அதில் அவளுக்கு என்ன லாபம்?

மார்கழியில் ஒரு காலை. வெயில் இன்னும் தெருவுக்குள் இறங்கவில்லை. அழகியநம்பி கடை வாசலில் வண்டியின் ரேடியேட்டருக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சுமைக்காரர்கள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கதவு திறந்தது. வீட்டுப் பெண்கள் யாரும் கால் வைக்காத கடை வழியே, வற்றல் குவியல்களைச் சுற்றிக்கொண்டு, தராசைத் தாண்டி வடிவாம்பாள் வெளியே வந்தாள். கதவைத் திறந்து இடது இருக்கையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அழகியநம்பி கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அண்ணாச்சி எறங்கி வாராரு," என்றான் மெல்ல.

"வரட்டும்."

"நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்கோ ஒண்ணும் சொல்லாண்டாம்."

அண்ணாச்சி தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டே படியிறங்கினார். இருக்கையைப் பார்த்தார், நின்றார். ஒன்பது வருஷமாக ஒரு சேலைத்தலைப்பாகவும் ஒரு வளையல் சத்தமாகவும் மட்டும் அவருக்குத் தெரிந்த பெண் முழு உருவமாக முன்னால் இருந்தாள். அவள் கயிற்றை இறுக்கினாள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை, ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆகவே கூப்பிடாமலே சொன்னாள்.

"இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் போறோம்."

சுமைக்காரர்களில் ஒருவன் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"எங்க?" என்று அண்ணாச்சி கேட்டார். அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"சும்மா. வெறுதே."

"வெறுதேயா?"

"ஆமா. பேசுகதுக்கு."

அவர் தம்பியைப் பார்த்தார். அழகியநம்பி கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைகுனியாமல் நின்றான். அது அண்ணாச்சிக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். தலையில் கட்டிய துவர்த்தை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"மணக்காட்டுக்கு நான் நடந்துக்கிடுகேன்," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுத் தெருவில் நடந்தார்.

அழகியநம்பி ஹேண்டிலை எடுத்து வண்டியின் முன்னால் குனிந்தான். ஒரு சுற்று. வண்டி பிடிக்கவில்லை. இன்னொரு சுற்று. குளிரில் அதுவும் பிடிக்கவில்லை. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் கரமனைப் பாலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டது. இனி அதை மூடிவைப்பதற்கு ஒரு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை.

"பின்கட்டுல காலிச் சாக்குப் போட்டிருக்க அறைய நமக்கு ஒழிச்சுத் தரச் சொல்லுங்கோ," என்றாள், வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில், சுமைக்காரர்களும் எதிர்க்கடைக்காரரும் கேட்கும்படி. சற்றுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்த அண்ணாச்சியின் நடை ஒரு கணம் தயங்கியது, பிறகு தொடர்ந்தது. அழகியநம்பி குனிந்தபடியே, ஹேண்டிலைச் சுற்றாமல், அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்கு நாலு பக்கமும் செங்கல் சுவராக்கும், பலகை இல்ல," என்றாள்.